நாலு மூலைக்கும் எலுமிச்சம்பழம்

கோயம்புத்தூரில், கணபதியைத் தாண்டிச் சரவணம்பட்டி போகிற வழியில் இருக்கும் கதிரொளி அடுக்ககம் மூன்று மாடிகளோடும் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியோடும் முதன்முதலாகத் திரும்பியது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். நான் அப்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியருக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தேன், திரையில் கார் ஒடிந்தது, சன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு மாமரம் மெதுவாக இடது பக்கம் நகர்ந்து போய் அந்த இடத்தில் பால்காரரின் வண்டி வந்து நின்றது, சமையலறையில் சுகந்தி அடுப்பில் வைத்திருந்த ரசம் தளும்பக்கூட இல்லை.

இதற்கெல்லாம் காரணம் ஒரு அலுமினியச் சட்டம். வீட்டில் உட்கார்ந்தபடியே திரையில் கார்ப் பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கு ஸ்டியரிங்கும் பெடலும் இருக்கையும் பூட்டிவைக்க ஒரு சட்டம் வேண்டும். என்னிடம் அது இல்லாத காலத்தில் ஸ்டியரிங்கைச் சாப்பாட்டு மேசையில் கவ்வவைத்து, பெடலைத் தரையில் போட்டு, சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டினேன். பிரேக்கை மிதிக்க மிதிக்க நாற்காலி பின்னால் போகும், பெடல் முன்னால் போகும், பந்தயம் முடிகையில் நான் சமையலறை வாசலில் இருப்பேன். "வந்தது வந்தீங்க, இந்தத் தேங்காயத் துருவிக் குடுத்துட்டுப் போங்க" என்பாள் சுகந்தி.

இத்தனை வயதில் இது என்ன விளையாட்டு என்று கேட்காதவர்கள் இல்லை. எங்கள் மகள் ஆதிரை மியூனிக்கில் பிறந்தவள். நாங்கள் ஊர் திரும்பியபோது படிப்புக்காக அங்கேயே தங்கிவிட்டாள். போன் செய்தால் எடுக்கமாட்டாள், எடுத்தால் "அப்புறம் பேசறேன்" என்பாள். ஆனால் சனிக்கிழமை, நமக்குச் சாயங்காலமும் அவளுக்கு மதியமுமாக இருக்கிற அந்த நேரத்தில், நானும் அவளும் ஒரே அணியாகப் பந்தயத்தில் இறங்குவோம், காதில் மாட்டிய கருவி வழியாக அவள் குரல் வரும். "அப்பா, உள்பக்கம் வாங்க", "அப்பா, பின்னாடி ஒருத்தன் வர்றான்" என்பதுதான் பேச்சு. அதுவே எங்களுக்கு வாரம் முழுக்கத் தாங்கும். சுகந்தி என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "சாப்பிட்டாளான்னு கேளுங்க" என்பாள். நான் கேட்பேன். "பிரேக்ல இருக்கேன்ப்பா" என்று பதில் வரும். அடுத்த நேர்பாதையில் மறுபடி கேட்பேன். அதற்குள் வளைவு வந்துவிடும். சாப்பிட்டாளா இல்லையா என்பது எந்தச் சனிக்கிழமையும் தெரிந்ததில்லை.

"நீங்க லேட்டா பிரேக் அடிக்கலப்பா, உங்க மேசைதான் லேட்டா அடிக்குது" என்றாள் ஆதிரை ஒருநாள். "நல்ல சட்டமா ஒண்ணு வாங்குங்க. இப்படியே கடைசியா வந்துட்டிருந்தா நம்மளக் கீழ் வரிசைக்குத் தள்ளிடுவாங்க. அப்புறம் நான் காலேஜ் பசங்களோட வேற டீம்ல சேர்ந்துக்குவேன்."

அந்த வாரமே சட்டம் பார்க்கத் தொடங்கினேன். பார்க்கத் தொடங்கியவன் பார்த்துக்கொண்டே இருந்தேன். எது எவ்வளவு வளைகிறது, மிதித்தால் பெடல் தட்டு மயிரிழை பின்வாங்குகிறதா இரண்டு மயிரிழையா, மூலைத்தாங்கி வார்ப்பா வெட்டா, பள்ளத்தில் நட் வழுக்குமா நிற்குமா என்று உலகத்தில் எத்தனையோ பேர் சட்டத்தை மிதித்து அளந்து வீடியோ போட்டிருந்தார்கள். அத்தனையையும் பார்த்தேன்.

"நம்ம கல்யாணத்துக்கு நீங்க இவ்வளவு பாக்கலையே" என்றாள் சுகந்தி.

"உங்க வீட்டுல மிதிச்சுப் பாக்க விடலையே."

"மிதிச்சிருந்தாத் தெரிஞ்சிருக்கும் எது வளையும்னு."

கடைசியில், மில் இயந்திரங்களுக்கு அலுமினியச் சட்டம் செய்து கொடுக்கும் ஆரோக்கியசாமியின் பட்டறைக்குப் போனேன். அவர் மூன்று மாதிரிகளை வரிசையாக நிறுத்திவைத்திருந்தார். முதலாவது மெல்லியது. "இதுல துணி காயப்போடலாமுங்க" என்று அவரே தள்ளிவைத்தார். இரண்டாவது நடுத்தரம், கை வைத்து அழுத்தினால் ஒரு பெருமூச்சளவு அசைந்தது. மூன்றாவது, கோயில் தூணைப் படுக்கவைத்த மாதிரி, சாம்பல் நிறத்தில், நான்கு பக்கமும் பள்ளம் ஓடி, பார்க்கும்போதே நம்மை ஒரு படி கீழே நிற்கச் சொல்கிற கம்பீரத்தோடு கிடந்தது.

ஏறி நின்று குதித்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

"வளையாதுங்க. இது வளையறதுக்கு முன்னாடி உங்க வீடு வளையும்" என்றார் ஆரோக்கியசாமி.

எனக்கு ஒரு சந்தேகம். "நான் மிதிக்கிற பலம் சட்டத்த வளைக்கலைன்னா, அந்தப் பலம் எங்கீங்க போகும்?"

அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "அது எங்க போனா நமக்கென்னங்க? சட்டத்துல இருக்காது. அதுக்கு நான் கேரண்டி."

மூன்றாவதையே எடுத்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, டைல்ஸில் அதுவும் வழுக்கியதால் தரையைத் துளைத்து, தூணோடு சேர்த்து போல்ட் போட்டு முறுக்கினோம். இந்த இடத்தில்தான் சுகந்தி சொன்னாள், புது வண்டி என்றால் பூஜை போடாமல் ஓட்டக்கூடாது என்று. மருதமலை அடிவாரத்துக்குக் கொண்டுபோக முடியாதபடி அது தரையோடு பூட்டப்பட்டிருந்ததால், தெருப் பிள்ளையார் கோயில் குருக்களை வீட்டுக்கே அழைத்தோம். அவர் தேங்காய், பூசணி, சந்தனம் எல்லாம் எடுத்துவைத்துவிட்டு, கையில் நான்கு எலுமிச்சம்பழத்தோடு சட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"சக்கரம் எங்க இருக்கு? பழத்தை எங்க வைக்கறது?"

கூட்டத்தில் குழந்தைவேல் அண்ணன் இருந்தார். முதல் மாடிக்காரர், ஆர்.டி.ஓ. ஆபீசில் பிரேக் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவர், எதையும் சோதித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதவர். அவர் போல்ட்டை ஆட்டிப் பார்த்தார், தூணைத் தட்டிப் பார்த்தார், சட்டப்படி யோசித்தார்.

"சட்டம் தரையோட போல்ட் போட்டாச்சு. தரை தூணோட. தூணு பில்டிங்கோட. அப்ப வண்டிங்கறது பில்டிங்தானுங்களே சாமி?"

குருக்களுக்கு அது சரியாகப் பட்டது. நான்கு பழங்களும் கட்டடத்தின் நான்கு மூலைகளிலும், அஸ்திவாரத்தை ஒட்டி வைக்கப்பட்டன. "எடுங்கோ வண்டியை" என்றார். நான் உட்கார்ந்து பந்தயத்தைத் தொடங்கினேன். அந்தப் பந்தயத்தில்தான் கொண்டை ஊசி வளைவு வந்தது. போய்ப் பார்த்தபோது நான்கு பழங்களும் அழகாக நசுங்கியிருந்தன.

கதிரொளி என்று பெயர் வைத்திருந்தாலும் எங்கள் கட்டடம் தெற்குப் பார்த்தது. எமன் திசை என்று யாரும் வாங்காமல் கிடந்த வீடுகளை நாங்கள் எல்லோரும் மனசில்லாமல் வாங்கியிருந்தோம். வாஸ்துக்காரர்களைக் கூட்டிவந்து வாசலில் கண்ணாடி மாட்டியிருந்தோம், தவளைப் பொம்மை வைத்திருந்தோம். அன்றைக்குப் பந்தயத்தின் பாதிச் சுற்றில் நான் ஒரு டயர்ச் சுவரில் மோதி நின்றுபோனேன். கட்டடமும் அப்படியே கிழக்குப் பார்த்து நின்றுவிட்டது. மறுநாள் காலையில் எல்லோருடைய கூடத்திலும் வெயில் வந்து உட்கார்ந்திருந்தது. கீழ்வீட்டு வசந்தாமணி அக்கா வாசலில் நின்று, துளசிச் செடியையும் சூரியனையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு மாடியைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"ஏனுங் தம்பி, இதை இப்பிடியே உட்ருவீங்களா, இல்ல மறுக்காத் திருப்புவீங்களா?"

அவர் கவலை அவருக்கு. அவர் மகள் பிருந்தாவைப் பார்க்க வருவதாக இருந்தவர்கள், வாசல் தெற்கு என்று கேட்டதும் வேறு வேலை வந்துவிட்டதாகச் சொல்லிவிடுவார்கள்.

ஒரு கட்டடம் திரும்பினால் என்னென்ன ஆகும் என்று பயந்ததெல்லாம் ஒரு வாரத்துக்குத்தான். போர்வெல் குழாய் முறுக்கிக்கொண்டபோது பிளம்பர் வந்து பார்த்து, நீளமான ரப்பர் குழாய் போட்டுக்கொடுத்து, "வாரத்துக்கொருக்கா எதிர்ப்பக்கமாச் சுத்தி விட்ருங்க" என்றார். மின்வாரியத்து லைன்மேன் கம்பத்திலிருந்து வரும் வயரைத் தொங்கலாக விட்டுவிட்டுப் போனார். சாப்பாடு கொண்டுவரும் பையன்கள் போனில் "வாசல் இப்ப எந்தப் பக்கம் சார்?" என்று கேட்டுவிட்டுத் தெருவுக்குள் நுழைந்தார்கள். வாட்ச்மேன் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் பின்னாலேயே நடந்தார். எதிர்வீட்டுக்காரர் மட்டும் தன் படுக்கையறைக்கு நேராக எங்கள் குளியலறைச் சன்னல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதாகப் புகார் செய்தார். சங்கத்தின் சார்பில் அவருக்கு ஒரு திரைச்சீலை தைத்துக் கொடுத்தோம்.

பிறகு கட்டடத்துப் பெண்கள் ஓடுகளங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். கடிகாரச் சுற்றில் ஓடுகிற களத்தில் ஒரு சுற்று முடித்தால் கட்டடமும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பழைய திசைக்கே வந்துவிடும் என்பதும், சுற்றைப் பாதியில் விட்டால் வாசல் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது என்பதும், ஜப்பானில் எட்டு வடிவத்தில் ஒரு களம் இருக்கிறது, அதில் ஓட்டினால் குழாய் முறுக்கவே முறுக்காது என்பதும் காய் வாங்குகிற இடத்தில்கூடப் பேசப்பட்டது. "சர்வீஸ் பூராவும் ஊருக்கெல்லாம் எட்டுப் போடச் சொன்னேன்" என்று குழந்தைவேல் அண்ணன் உருகினார். "எட்டோட அருமை எனக்கே இப்பத்தான் தெரியுதுங்க."

சங்கக் கூட்டம் கூடித் தீர்மானம் போட்டது. காலையில் கிழக்கு. துணி காய்கிற நேரத்துக்கு மேற்கு. ராகு காலத்தில் கட்டடத்தை எடுக்கக்கூடாது. எந்தப் பந்தயமானாலும் தொடங்கிய சுற்றை முடித்தே தீரவேண்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் நாலு மூலைக்கும் புதுப் பழம் வைப்பது கீழ்வீட்டுப் பொறுப்பு. எல்லாம் ஏகமனதாக நிறைவேறியது, என்னை யாரும் கேட்கவில்லை.

இப்படியாக நான் பந்தயம் பழகுவது நின்றுபோனது. மற்ற நாட்களில், "தம்பி, கொஞ்சம் வடக்கால", "இன்னொரு துளி, இன்னொரு துளி, ஆங், நிறுத்துங்க" என்று பால்கனிகளிலிருந்து வரும் குரல்களுக்கு ஏற்ப ஓட்டினேன். சனிக்கிழமைகளிலோ அதைவிட மோசம். சக்கரம் உடைந்து கார் இழுத்துக்கொண்டு போனாலும் ஒதுங்கி நிற்க முடியாது. மற்றவர்கள் என்னைத் தாண்டித் தாண்டிப் போவார்கள்.

"அப்பா, வெளிய வந்துடுங்க! காரு செத்துப்போச்சு!"

"முடியாதும்மா. மூணாவது மாடில வடகம் காயுது."

கட்டடம் திரும்புவதை அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன். "ஓ, அப்படியா?" என்றிருந்தாள், நான் மழை பெய்கிறது என்று சொன்ன மாதிரி. அவளுக்குக் கவலையெல்லாம் எங்கள் இடம் பற்றித்தான். கீழ் வரிசைக்குப் போக எங்களுக்கு இன்னும் ஒரே ஒரு மோசமான பந்தயம் போதும் என்ற நிலை வந்தது.

"என் மேசையும் ஆடுதுப்பா. நானும் ஒரு சட்டம் வாங்கப்போறேன். எதை வாங்கட்டும்?"

நான் யோசித்தேன். அவள் இருப்பது பழைய கட்டடம், ஐந்து மாடி, கீழே ஒரு பேக்கரி. "நடுத்தரமா வாங்கும்மா. கொஞ்சம் அசையும். அசைஞ்சா தப்பில்ல."

"நீங்க எதை வாங்கினீங்க?"

வளைவு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பின்னாலிருந்து சுகந்தி, "எதை வாங்கினாலும் நாலு மூலைக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு எடுக்கச் சொல்லுங்க" என்றாள். சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமைக்குத்தான் எல்லாமும் சேர்ந்து வந்தன. பிருந்தாவைப் பார்க்கக் கோபியிலிருந்து வருகிறார்கள், நல்ல நேரம் சாயங்காலம், அதாவது எங்கள் பந்தய நேரம். "கிழக்குப் பார்த்த வீடுங்க" என்று வசந்தாமணி அக்கா போனில் சொல்லியிருந்தார். சொன்ன காலையில் அது உண்மை. பந்தயத்தை விட்டுவிடச் சொல்லிச் சங்கம் கேட்டது. நான் முடியாது என்றேன். அரைமணி நேரம் கத்திப் பேசியபின் ஒரு வழி பிறந்தது: பந்தயத்தைக் கிழக்குப் பார்த்துத் தொடங்குவது, குழந்தைவேல் அண்ணன் திசைகாட்டியோடு என் பக்கத்தில் உட்காருவார், மாப்பிள்ளை வீட்டார் தெருமுனையில் தெரிந்ததும் நான் ஓடுகிற சுற்றைக் கிழக்கில் முடித்து நிறுத்திவிடவேண்டும். தவறினால் மறுநாளே போல்ட்டை அறுத்துச் சட்டத்தை எடுத்துவிடுவது, அதை யாரும் தடுக்கக்கூடாது.

"வேற சட்டம் வாங்கிக்கலாம் தம்பி, ஆடற சட்டமா" என்றார் வசந்தாமணி அக்கா, சமாதானமாக.

ஆடுகிற சட்டத்தில் நான் கடைசியாக வருவேன். கடைசியாக வந்தால் அவள் வேறு அணிக்குப் போவாள். பிறகு சனிக்கிழமையும் மற்ற கிழமைகள் மாதிரி ஆகிவிடும். அக்காவிடம் தலையை மட்டும் ஆட்டினேன்.

பந்தயம் தொடங்கியது. ஆதிரை எப்போதும் இல்லாத வேகத்தில் போனாள். வளைவுகளில் அவள் கார் கோடு போட்ட மாதிரி திரும்பியது. "சட்டம் வந்துடுச்சுப்பா, இன்னிக்குத்தான் முதல் தடவை" என்றாள். நானும் அவள் வாலைப் பிடித்துக்கொண்டே போனேன். சன்னலில் மாமரமும் கம்பமும் பால்வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போய்க்கொண்டிருந்தன. இந்த வேகத்தில் போனால் மேல் வரிசையிலேயே இருந்துவிடலாம் என்று தோன்றிய நேரத்தில் குழந்தைவேல் அண்ணன் என் முழங்கையைத் தொட்டார்.

"தெருமுனைக்கு வந்துட்டாங்க. இந்தச் சுத்தோட நிறுத்திக்குங்க."

கொண்டை ஊசி வளைவு முன்னால் தெரிந்தது. அதன் உள்பக்கப் புல்லில் ஆதிரையின் கார் நின்றுகொண்டிருந்தது.

"அப்பா." அவள் குரல் பந்தயக் குரலாக இல்லை. "எங்க வீடு திரும்பிடுச்சுப்பா."

"நீ எதை வாங்கினே?"

"நீங்க வாங்கிட்டுச் சொல்லாம விட்டீங்களே, அந்தக் கெட்டியானதைத்தான்." மூச்சு வாங்கினாள். "கீழ எல்லாரும் தெருவுல வந்து நின்னு மேல பாக்கறாங்க. யாரோ கதவைத் தட்டறாங்க. அப்பா, தாண்டிப் போகாதீங்க."

"ஓட்டுங்க தம்பி, ஓட்டுங்க. ரெண்டே வளைவு, கிழக்கு வந்துரும்!" என்றார் குழந்தைவேல் அண்ணன்.

நான் பிரேக்கை மிதித்தேன். என் வாழ்நாளில் எதையும் அப்படி மிதித்ததில்லை. சட்டம் ஒரு மயிரிழைகூட வளையவில்லை. கட்டடம் நின்றது. என் கார் புல்லில் ஏறி அவள் கார் பக்கத்தில் போய் நின்றது.

மாப்பிள்ளை வீட்டார் வண்டியைவிட்டு இறங்கி, தாம்பாளத்தோடு, வாசல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெறும் சுவரைப் பார்த்து நின்றார்கள். வாட்ச்மேன் "இந்தப் பக்கமுங்க, இந்தப் பக்கம்" என்று நாற்காலியோடு ஓடிவந்து அவர்களைச் சுற்றிக் கூட்டிப்போனார். குழந்தைவேல் அண்ணன் படியிறங்கி ஓடினார். மேலே சன்னலிலிருந்து எனக்கு எல்லாம் தெரிந்தது, கேட்டது.

"கிழக்குன்னு சொன்னாங்களே" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

வசந்தாமணி அக்கா குழந்தைவேல் அண்ணனைப் பார்த்தார். குழந்தைவேல் அண்ணன் திசைகாட்டியைப் பார்த்தார், தட்டினார், மறுபடி பார்த்தார். பொய்க் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லாதவர். "இல்லீங்க. வடமேற்கு."

மாப்பிள்ளையின் அப்பா செருப்பைக் கழற்றினார்.

"வாயு மூலைங்களா? அதைச் சொல்றதுக்கு ஏனுங்க இந்த இழு இழுக்கறீங்க? பொண்ணு வெளிய போற வீட்டுக்கு வாயு மூலைதானுங்க பொருத்தம். ஒரு பொண்ணு போனா நல்லாப் போயிச் சேருமுங்க."

உள்ளே போனார்கள். பஜ்ஜி வாசனை மேலே வந்தது.

என் காதில் ஆதிரை மூக்கை உறிஞ்சினாள், பிறகு சிரித்தாள். "கதவைத் தட்டினது கீழ் வீட்டு அம்மா. ஞாயித்துக்கிழமை மட்டும் திருப்பக்கூடாதாம், அன்னிக்குச் சத்தம் போடக்கூடாதுன்னு சட்டமாம். மத்த நாள் பரவால்லையாம், அவங்க பால்கனிக்கு வெயில் வந்திருக்கு." கொஞ்சம் பொறுத்து, "அப்பா, போன்ல மேப் பாத்தேன். எங்க சன்னல் இப்ப நேரா உங்க பக்கம் பாக்குது" என்றாள்.

நான் என் சன்னலைப் பார்த்தேன். கம்பத்தையும் தாண்டி, பால்வண்டியையும் தாண்டி, வடமேற்கு, அவள் இருக்கிற பக்கம்தான்.

திரையில் மற்ற கார்கள் எங்களைத் தாண்டி ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. நாங்கள் கீழ் வரிசைக்குப் போய்க்கொண்டிருந்தோம். அவள் காரைக் கிளப்பவில்லை, நானும் கிளப்பவில்லை. சுகந்தி என் காதிலிருந்து கருவியைக் கழற்றித் தன் காதில் மாட்டிக்கொண்டாள்.

"சாப்பிட்டியா கண்ணு?"

பிரேக்கில் யாரும் இல்லை. "இன்னும் இல்லம்மா" என்ற குரல் வெளியே எனக்கே கேட்டது. "நீ என்ன செஞ்சே?" சுகந்தி என்னை இருக்கையிலிருந்து எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்துகொண்டாள். புளிக்குழம்பில் தொடங்கியவள், ஸ்டியரிங் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, பந்தயம் முடிந்து திரை இருண்டபிறகும் பேசிக்கொண்டிருந்தாள்.

நான் கீழே இறங்கிப் போனேன். போல்ட்டை அறுப்பது பற்றி யாரும் பேசவில்லை. பேச நேரமில்லை, மாப்பிள்ளை வீட்டாருக்கு ஜூஸ் போட வீட்டில் பழமில்லை என்று வசந்தாமணி அக்கா கட்டடத்தின் மூலைமூலையாகப் போய் எலுமிச்சம்பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். கட்டடத்தை மறுபடி கிழக்குக்கு எடுக்கவேண்டியிருக்கும் என்று வாட்ச்மேன் புதிதாக வைத்திருந்த பழங்கள், நான்கும் முழுசாக இருந்தன.

"அக்கா, அது வண்டிக்கு வெச்ச பழமாச்சே" என்றேன்.

அவர் ஒன்றை முந்தானையில் துடைத்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

"நசுங்கலையே தம்பி. போகாத வண்டிக்கு வெச்சது வெறும் பழந்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.